சொல்லடைவும் குறுக்குவிசையும்

ஆராய்ச்சி நூலொன்றைக் கையிலெடுப்போர் பெரும்பாலும் முகவுரையைப் புரட்டிவிட்டு நேரே கடைசித் தாள்களுக்குச் செல்வர். ஆங்குள்ள சொல்லடைவு செவ்வையாயின் நூல் பயன்படும். இன்றேல் அலமாரியில் உறங்கும். கண்ணொளி மங்கிய முதுபேராசிரியர் ஒருவர், சங்கநூல்களிற் கூறப்படும் மரஞ்செடிகளைப்பற்றித் தாம் எழுதிய நூலுக்குச் சொல்லடைவு அமைக்கும் பொறுப்பைச் சென்ற கோடை விடுமுறையில் எம்மிடம் ஒப்புவித்தார். கல்லூரி திறக்கும் வாரத்தில் நூல் அச்சகம் புகவேண்டும். கொள்ளிடத்துக்கு வடபாலுள்ள எமது ஊராகிய தா.பழூரில், மின்சாரம் இருந்த பொழுதெல்லாம் இப்பணியே எமக்குப் பணியாயிற்று.

நூல் லாடெக்கில் அமைந்தது. டொனால்டு குனுத் 1978-இல் வெளியிட்ட டெக் என்னும் அச்சுக்கோப்பு முறையின்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் கட்டிய அமைப்பு அது. வேண்டிய சொல்லின் அருகே அடைவுக்கட்டளையை இட்டுவிடின், பக்க எண்களைப் பொறியே திரட்டும். திருத்தத்தாற் பக்கம் மாறினும் எண்ணும் உடன்மாறும். இளமையில் எமது அரியலூரிலே தமிழ் பயின்ற உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புக்களுக்கு அரும்பத அகராதி சேர்த்த காலத்தில் இவ்வசதி ஏது?

எனினும் கட்டளையை ஒவ்வொரு முறையும் தட்டெழுதுவது விரலுக்குத் தண்டனையே. ஈமாக்ஸ் என்னும் பதிப்பானில் ரெஃப்டெக்ஸ் என்னுந் துணைக்கருவி உண்டு. சொல்லைத் தெரிந்தெடுத்து, கண்ட்ரோல் விசையோடு 'சி' எழுத்தையும், பின்னர்ச் சாய்கோட்டையும் அழுத்தக் கட்டளை தானே அமையும். அன்றியும், எஃப்-3 அழுத்தித் தொடங்கி எஃப்-4 அழுத்தி முடித்த விசைத்தொடர், மீண்டும் எஃப்-4 அழுத்துந்தோறும் அப்படியே நடைபெறும். முதல்நாள் ஊர்ந்த பணி மூன்றாம் நாள் நடக்கத் தொடங்கிற்று.

அப்பொழுது நண்பர் ஒருவர், "இத்துணைப் பாடு எதற்கு? வேங்கை என்னுஞ் சொல் வருமிடமெல்லாம் ஒரே கட்டளையாற் குறித்துவிடலாமே" என்றார். நாட்குறைவை நோக்க அவ்யோசனை இனிக்கத்தான் செய்தது. ஆயினும் வேங்கை மரமும் ஆம், புலியும் ஆம். பூத்த வேங்கையைப் புலியென மயங்கி யானை வெகுளுஞ் செய்தி சங்கப்பாட்டில் உண்டு. அதனை விளக்கும் பக்கத்தில் இரு பொருளும் அடுத்தடுத்து வருகின்றன. பொறியும் அவ்யானையைப் போன்றதே.

காந்தள் வேறுவகையில் அலைத்தது. இறுதிப் புள்ளியோடு 'காந்தள்' எனத் தேடினால், 'காந்தளை', 'காந்தளின்' என்பன அகப்படா; ளகரம் ஆண்டு உயிரேறிப் புள்ளியை இழந்திருக்கும். 'காந்தட்பூ'வில் ளகரமே இல்லை. ஞாழல் 'ஞாழற்பூ' ஆவதும் அவ்வாறே. நன்னூலிற் படித்த புணர்ச்சி விதிகள் கணிப்பொறி முன் வந்து நிற்கக் கண்டு நகைத்தோம். சொற்பட்டியல் கொண்டு நூல்முழுதும் தேடும் வழியும் ரெஃப்டெக்ஸில் உண்டு. அஃது ஒவ்வோரிடத்தும் நின்று எமது இசைவைக் கேட்கும். அக்கேள்விக்காகவே அதனைக் கைக்கொண்டு, விடுபட்ட உருவங்களுக்காக ஏடுகளை வரிவரியாகவும் படித்தோம்.

அகரவரிசையிலும் ஓர் இடர் உண்டு. யூனிகோடு நகரத்தை அடுத்தே னகரத்தை வைத்துள்ளது. எமது நெடுங்கணக்கிலோ அது கடைசி. எனவே அடைவைத் திரட்டும் மேக்இண்டெக்ஸ் 'புன்னை'யைப் 'புளி'க்கு முன்னே நிறுத்தும். ஒவ்வொரு சொல்லுக்கும் முன் வரிசைக்குறிப்பு ஒன்றெழுதி இடையே '@' இட்டால் இது சீர்ப்படும். இதனை எஃப்-4 விசையே பார்த்துக்கொண்டது.

அச்சகத்தாரிடம் பேராசிரியரே பத்து நாள் தவணை கேட்டு வாங்கினார். மாலைதோறும் தொலைபேசியில் அன்றைய சொற்களை யாம் படிக்க, அவர் கேட்டு, "அதனை விடு", "அதனைச் சேர்" என்பார். ஒன்பது அதிகாரங்கள் முடிந்தன. கோங்கு, கோங்கம் என்னும் இரண்டையும் ஒரே தலைப்பில் வைப்பதா என்று நேற்றுக் கேட்டோம். எண்ணிச் சொல்வதாக உரைத்திருக்கின்றார்.