பெஹாலாவில் ஒரு கொலு

கல்கத்தாவின் தென்மேற்கில் உள்ளது பெஹாலா. மாஜேர்ஹாட் ரயில் நிலையத்தில் இறங்கித் தெற்கே திரும்பினால் டைமண்ட் ஹார்பர் சாலை நேரே அதனுள் அழைத்துச் செல்லும். முன்னாளில் அச்சாலையில் டிராம் வண்டிகள் ஓடின. 2022ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிவைக்கப்பெற்ற மெட்ரோ ரயில் இப்போது தலைக்கு மேலே ஓடுகிறது. ரயில்வேயில் எழுத்தனாகிய நான் இங்கே குடியேறி ஆண்டுகள் பலவாயின.

மாலையில் வீடு திரும்பியதும் ஒரு குவளைக் காப்பியும் அன்றைய செய்தியும் எனக்கு வேண்டும். 2025ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அந்தக் காப்பியும் கசந்தது. பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களுக்குச் சென்ற வங்காளத் தொழிலாளர் பலர், அயல்நாட்டவரோ என்ற ஐயத்தால் பிடித்து வைக்கப்பட்டனர் என்று நாள்தோறும் செய்தி வந்தது. எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் வசிக்கும் மூதாட்டியின் மகன் வடக்கே தச்சுவேலை செய்கிறான். அவ்வம்மையார் ஒருநாள் படியேறி வந்து, “நீயும் வெளியூர்க்காரன்தானே, பாபா? உன்னை இங்கே யாரேனும் அப்படிக் கேட்டதுண்டா?” என்றார்.

“இல்லை, மாஷீமா” என்றேன். சொன்னது உண்மையே, ஆயினும் அதைச் சொல்ல எனக்கு நாணமாயிருந்தது.

அன்று மாலை என் மகள் சௌரஸ்தாவுக்குப் போய் ஜால்முரி வாங்கித் தரும்படி கேட்டாள். கடுகெண்ணெய் விட்டு, வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்துக் குலுக்கித் தரும் பொரி அது. ‘அடுத்த வீட்டுத் தாய் கண்ணீர் விடும்போது நமக்குப் பொரி ஒரு கேடா?’ என்று மனம் இடித்தது. குழந்தையின் முகத்தைப் பார்த்து எழுந்து நடந்தேன். நடக்கையில் பரிஷாவின் நினைவு வந்தது.

பரிஷா, பெஹாலாவின் பழம்பகுதி. சபர்ண ராய் சௌதுரி குடும்பத்தார் 1610ஆம் ஆண்டு முதல் அங்கே துர்கா பூஜை நடத்தி வருவதாகக் கூறுவர். சுதானுதி, கோவிந்தபூர், கலிகாதா என்னும் மூன்று கிராமங்களின் உரிமை 1698ஆம் ஆண்டில் அக்குடும்பத்தாரிடமிருந்தே கும்பெனியார் கைக்குச் சென்றது. ஆனால் என் நினைவில் நின்றது அந்தப் பழைய பூஜையன்று. 2020ஆம் ஆண்டில் பரிஷா கிளப் பந்தலில் கண்ட காட்சி.

அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் ஊரடங்கு வந்தது. பயணி ரயில்கள் நின்றன. தொழிலாளர் சிறப்பு ரயில்கள் மே முதல் நாளில்தான் புறப்பட்டன. அதற்குள் குழந்தைகளைச் சுமந்துகொண்டு சாலை வழியே ஊருக்கு நடந்தோர் எண்ணற்றவர். ரயில்வேயில் ஊதியம் வாங்கும் எனக்கு அச்செய்தி உறுத்திக்கொண்டே இருந்தது. ஐப்பசியில் பூஜை வந்தபோது, பந்தலுக்குள் பார்வையாளர் நுழையலாகாது என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. தடுப்புக் கயிற்றுக்கு அப்பால் நின்று நோக்கினோம். சிங்கமேறிய தேவியைக் காணச் சென்ற எங்கள் முன்னே, எளிய புடவையுடுத்திச் சட்டையில்லாக் குழந்தையைக் கையில் ஏந்திய ஒரு தொழிலாளித் தாய் நின்றாள். ரிண்டு தாஸ் என்னும் கலைஞர் வகுத்த கருத்து அது. அருகிலிருந்தோர் கைகூப்பினர், நானும் கூப்பினேன். துன்பச் செய்தியை வாசலில் நிறுத்திவிட்டால்தான் விழா நடக்கும் என்று அதுவரை எண்ணியிருந்தேன். அதனையும் உள்ளே அழைத்து இடங்கொடுக்கலாம் என்று பரிஷா கற்பித்தது.

2025ஆம் ஆண்டு நவராத்திரிக்குக் கொலு வைத்தபோது, கடைத்தெருவில் ஒரு கிருஷ்ணநகர் மண்பொம்மை வாங்கினேன்: தலையில் கூடையுடன் நடக்கும் ஒரு பெண். செட்டியார் பொம்மைக்கு அருகே, கீழ்ப்படியில் அவளை வைத்தாள் என் மனைவி. தாம்பூலம் பெற வந்த மாஷீமா அப்பொம்மையைக் கையில் எடுத்துப் பார்த்தார். “இவளை ஏன் அடியில் வைத்தீர்கள்?” என்றார். மேற்படிகள் தெய்வங்களுக்கும் கீழ்ப்படிகள் மாந்தருக்கும் உரியவை என்று விளக்கினோம். “அப்படியானால் என் மகனும் இங்கேதான் இருக்கிறான்” என்று சொல்லிப் பொம்மையைப் பத்திரமாகத் திரும்ப வைத்தார்.

மகன் அவ்வாண்டு பூஜைக்கு வரவில்லை. தொலைபேசியில் பேசியதோடு சரி. எனினும் அம்மையார் கடலைச் சுண்டலை உண்டு, என் மகளை ஒரு பாட்டுப் பாடச் சொல்லி, முடியும்வரை தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மறுநாளும் பத்திரிகை வந்தது, செய்திகள் மாறவில்லை. ஆனால் அதை நான் தனியே அமர்ந்து படிக்கவில்லை. காப்பிக் குவளையுடன் கீழே இறங்கிச் சென்று, மாஷீமாவுக்கும் படித்துக் காட்டினேன்.