செம்மஞ்சள் பலகை

கவிதையில் ஒரு சொல் இடம் மாறினால் அர்த்தமே மாறிவிடும் என்று இந்தப் பக்கங்களில் பலமுறை எழுதியிருக்கிறேன். சென்ற ஜனவரியில் இரண்டு எண்கள் என் கண்ணில் இடம் மாறிவிட்டன. அதனால் இன்னொருவர் ஒரு இரவின் கூலியை இழந்தார். இது அதைப் பற்றியது. இலக்கியம் அல்ல என்று ஆசிரியர் திருப்பி அனுப்பினால் எனக்கு வருத்தமில்லை.

நான் இருப்பது மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில். ஒருகாலத்தில் கிரேக்கர்கள் நிறைந்திருந்த தெருக்களில் இப்போது தெற்காசியர்கள் அதிகம். யாழ்ப்பாணத்துப் பேச்சும் காதில் விழும். என் வீடு இரண்டாம் மாடியில். இந்த நகரத்து வழக்கப்படி இரும்புப் படிக்கட்டு வீட்டுக்கு வெளியே ஏறுகிறது. கராஜ் கிடையாது. கார் வைத்திருப்பவர்கள் தெரு ஓரத்தில்தான் விடவேண்டும். எனக்குக் கார் இல்லை. கீழ்வீட்டு அண்ணைக்கு உண்டு. அவர் ஒரு வெதுப்பகத்தில் இரவு வேலை. காலை ஆறரைக்கு வந்து காரைத் தெருவில் விட்டுவிட்டுப் படுப்பார். திறப்பு என்னிடம் இருக்கும். “தம்பி, பலகை வந்தா ஒருக்காப் பார்த்து மாத்திவிடும்” என்று சொல்லி ஐந்து வருஷங்களுக்கு முன் தந்த திறப்பு. பகலில் வங்கிக் கவுண்டரில் எண்களோடு கழிப்பவன் நான். எண்களைப் பார்க்க என்னைவிடப் பொருத்தமான ஆள் அந்தத் தெருவில் இல்லை என்று அவர் நினைத்திருக்கலாம்.

பலகை என்பது இதுதான். மொன்றியலில் ஒரு குளிர்காலத்தில் சராசரியாகச் சுமார் இரண்டு மீற்றர் பனி விழுகிறது. பல நகரங்கள் அதைத் தள்ளி ஓரத்தில் ஒதுக்குவதோடு நிறுத்திக்கொள்ளும். இங்கே ஒதுக்கியதை அள்ளி எடுத்துப் போகிறார்கள். 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரை சேர்ந்துவிட்டால் அள்ளும் வேலை தொடங்கும். தெருக்களும் நடைபாதைகளுமாகச் சேர்த்துச் சுமார் 10,000 கிலோமீற்றர். பெருந்தெருக்கள், மருத்துவமனை வாசல்கள் முதலில். எங்களைப் போன்றவர்களின் சிறு தெருக்கள் கடைசியில். ஒரு பெரும்பனி முழுவதையும் அள்ளி முடிக்க நாலைந்து நாளாகும். அதனால் எந்தத் தெருவில் எப்போது அள்ளுவார்கள் என்பது முன்கூட்டி எவருக்கும் தெரியாது. அள்ளுவதற்குச் சில மணி நேரம் முன்பாக, ஓரத்துப் பனிக்குவியலில் செம்மஞ்சள் பலகைகளைக் குத்திவிட்டுப் போவார்கள். காரை இழுக்கும் வண்டியின் படம், ஒரு அம்புக்குறி, நேரம். பகலானால் 7 – 19. இரவானால் 19 – 7. பிறகு இழுவை வண்டிகள் இரட்டைச் சுருதியில் சைரன் ஊதிக்கொண்டு தெருவில் நுழையும். எஞ்சி நிற்கும் கார்களை அவை இழுத்து அகற்றியதும் பனியை அள்ளி ஊதும் பெரும் பொறி வரும், அதன் பக்கத்திலேயே ஊர்ந்து வரும் லொறிகளின் வரிசை. அள்ளிய பனியில் கணிசமான பங்கு சென் மிஷேல் பகுதியில் உள்ள பிராங்கோன் என்ற பழைய சுண்ணாம்புக் கற்குவாரிக்குப் போகிறது. ஓகஸ்டில் போய்ப் பார்த்தால்கூட அங்கே அழுக்கேறிய பனிமலை கிடக்கும். ஒரு கோடையில் நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

சைரனை ஒரு தயவாகத்தான் வைத்திருக்கிறார்கள். இழுக்கப்போகிறோம், ஓடி வா என்று கூப்பிடுகிறது. எனக்கு அதைப் பழகிக்கொள்ளச் சில குளிர்காலங்கள் ஆயின. சின்ன வயதில் ஆகாயத்தில் சத்தம் கேட்டால் பங்கருக்குள் இறங்கவேண்டும் என்று பழக்கப்பட்ட உடம்பு இது. சத்தம் கேட்டால் வெளியே ஓடவேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது இலேசில்லை. அண்ணைக்கு இந்தத் தொல்லை இல்லை. இரவெல்லாம் அடுப்போடு நின்றுவிட்டு வருபவருக்குப் பகலில் எந்தச் சத்தமும் கேட்பதில்லை.

அன்று நான் லீவில் இருந்தேன். ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி இதே பத்திரிகைக்கு எழுதுவதற்காக எடுத்த லீவு. எட்டு மணிக்குப் படியில் நின்று எட்டிப் பார்த்தேன். பலகை பனியில் சரிந்து நின்றது. 19-ம் 7-ம் தெரிந்தன. இரவுக்குத்தானே, இரவில் அண்ணையின் கார் தெருவில் நிற்காதே என்று உள்ளே வந்துவிட்டேன். பதினொரு மணியளவில் சைரன் கேட்டது. பக்கத்துத் தெரு என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்படி நினைக்க விரும்பினேன். படிமம் என்ற சொல்லை நம்மவர்கள் எவ்வளவு கவனமின்றிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு பத்தி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

மாலை ஏழரைக்கு அண்ணை கதவைத் தட்டினார். “தம்பி, காரைக் காணேல்லை.”

இங்கே இழுத்த காரைத் தூரத்தில் அடைத்து வைப்பதில்லை. பனி அள்ளி முடித்த அண்மைத் தெரு எதிலாவது விட்டுவிடுவார்கள், கண்ணாடியில் தண்டச் சீட்டோடு. எங்கே விட்டார்கள் என்று வலைத்தளத்தில் தேடிப் பார்க்கலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. இருவரும் நடந்தோம். பூச்சியத்துக்குக் கீழே 22 பாகை. ஒரே நிறக் கார்கள், எல்லாவற்றின் மேலும் ஒரே உப்புப் படலம். ஒன்றரை மணி நேரம் கழித்து லகாடி பெருந்தெருவின் அருகே அது நின்றது. அந்தப் பெருந்தெருவின் அப்புறம் ஒரு வேலி ஓடுகிறது. 1960-ல் போட்ட வேலி. அதற்கு அப்பால் மவுண்ட் ரோயல் என்ற தனி நகரசபை. அங்கே வீட்டுக்கு வீடு சொந்தப் பாதை உண்டு, கார் வீட்டோடு உறங்கும். செம்மஞ்சள் பலகை அவர்களுக்கு வாசிக்கவேண்டிய ஒரு பிரதி அல்ல. வேலிக்கு இப்புறம் இருப்பவர்களுக்கே அது பாடப்புத்தகம்.

அண்ணை வேலைக்குப் பிந்திப்போனார். அன்றைய இடத்தில் வேறொருவரை நிறுத்திவிட்டார்கள். தண்டத்தை நான் கட்டினேன். கூலியை வாங்க மறுத்துவிட்டார். ஏசவும் இல்லை. “உமக்கு எழுத்து வேலை கூடிப்போச்சுப் போலை” என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு பிற நகரங்களின் விதிகளைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். குற்ற உணர்வு மனிதனை எதையும் வாசிக்க வைக்கும். சிக்காகோவில் 107 மைல் நீளமான பெருந்தெருக்களில் டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை அதிகாலை 3 மணியிலிருந்து 7 மணிவரை கார் விடக்கூடாது. பனி விழுந்தாலும் விழாவிட்டாலும். வறண்ட தெருவிலும் இழுத்துப்போவார்கள். 1979-ல் பனியைச் சரியாக அகற்றவில்லை என்ற கோபத்தில் மேயர் பிலாண்டிக்கைக் கட்சித் தேர்தலிலேயே தோற்கடித்த ஊர் அது. மினியாப்பொலிஸில் வேறு மாதிரி. பனி அவசரநிலை அறிவித்தால், முதல் இரவு 9 மணி முதல் காலை 8 வரை முக்கிய தெருக்களின் இருபுறமும் விடக்கூடாது. மறுநாள் காலை 8 முதல் இரவு 8 வரை மற்றத் தெருக்களில் இரட்டை இலக்க வீடுகளின் பக்கம். மூன்றாம் நாள் ஒற்றை இலக்கப் பக்கம். தெரு முழுதும் வழித்தாகிவிட்டால் மறுபடி விடலாம்.

புதுக்கவிதைக்காக வாதாடிய நான், கார் விஷயத்தில் யாப்பின் பக்கம் சாய்ந்துபோனேன் என்பதை நண்பர்கள் ரசிக்கக்கூடும். சிக்காகோவினது உள்ளடக்கத்தைப் பாராத வெறும் சீர் எண்ணிக்கை, அது வேண்டாம். மொன்றியலில் ஒவ்வொரு பனிக்கும் ஒவ்வொரு உருவம். பிரக்ஞை கூர்மையாக உள்ள வாசகனை அது எந்நேரமும் கோருகிறது. இரவு வேலைக்காரன் அப்படிப்பட்ட வாசகனாக இருக்க முடியாது. மினியாப்பொலிஸின் விதியை வீட்டு இலக்கம் தெரிந்த எவனும் மனதில் வைத்துக்கொள்ளலாம். அதோடு, எங்கே விடாதே என்று சொல்லும்போதே எங்கே விடலாம் என்பதையும் அது சொல்லிவிடுகிறது. ஆனால் அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அங்கே பெரும்பாலும் தள்ளி ஒதுக்குவதுதான். தெரு ஒடுங்கிப்போனால் இரட்டைப் பக்கத்தை ஏப்ரல் வரைகூட மூடிவிடுவார்கள். அள்ளிச் செல்கிற நகரம் மூன்று நாளில் முடிக்காது.

முடிந்தது இவ்வளவுதான்: பலகையில் எண்ணோடு ஒரு சூரியனோ சந்திரனோ வரையலாம். அதற்குப் பிரெஞ்சும் வேண்டாம், தமிழும் வேண்டாம். எதிர்ப்பக்கத்தில் விடலாமா என்பதற்கு இன்னொரு அம்பு. வீட்டோடு கார் விட வசதியில்லாத பகுதிகளில் பள்ளிக்கூட முற்றங்களைப் பள்ளி முடிந்த பின் திறந்துவிடலாம். பகலில் தூங்குபவனுக்கு அதுவும் உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இவற்றை ஒரு கடிதமாக எழுதி நகரசபைக்கு அனுப்பினேன். என் ஆங்கில பி.ஏ. வேறு எதற்குப் பயன்பட்டது என்று நினைவில்லை.

பதிலுக்குக் காத்திராமல் ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து ஒரு பக்கம் ‘பகல்’ என்றும் மறுபக்கம் ‘இரவு’ என்றும் எழுதிப் படிக்கட்டின் அடியில் நூலில் கட்டியிருக்கிறேன். பலகை வந்ததும் இறங்கிப்போய், பனியைத் தட்டி, பக்கத்தில் நின்று வாசித்துவிட்டுத்தான் அதைத் திருப்புவது. அண்ணை அதைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த நாளே திறப்பை மறுபடி கொண்டுவந்து தந்தார்.

நேற்றிரவு 12 சென்ரிமீற்றர் விழுந்திருக்கிறது. பலகைகள் இன்னும் வரவில்லை. தொகுப்பைப் பற்றிய கட்டுரை அந்தப் பத்தியோடு நிற்கிறது.