திருப்பி அனுப்பப்பட்டவர்களின் எண்ணிக்கை

மார்ச் கடைசி வாரம் வந்துவிட்டால் பே ஏரியாவில் தமிழர் வீடுகளில் வேறு பேச்சே இருக்காது. யார் பிள்ளைக்கு எங்கே கிடைத்தது, எங்கே வெயிட்லிஸ்ட், எங்கே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்த வருடம் தமிழ்ப் பள்ளி வராந்தாவில் வகுப்பு முடியக் காத்திருந்தபோது ஓர் அப்பா போட்ட கணக்கு என்னை இன்னும் உறுத்துகிறது. "பெர்க்லியில நூத்துக்குப் பதினோரு பேரை எடுத்துடுறாங்க சார். ஸ்டான்ஃபோர்டுல நாலு பேர்கூட இல்ல. அப்ப எது பெரிய காலேஜ், நீங்களே சொல்லுங்க." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். மகளுக்கு பெர்க்லி கிடைத்த ஓர் அம்மாவும் அங்கே நின்றிருந்தார். எல்லோருக்கும் காட்டுவதற்காகத் திறந்து வைத்திருந்த போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்த அப்பா சொன்ன எண்களில் பெரிய பிழை இல்லை. ஆனால் அவை எதைச் சொல்கின்றன? ஸ்டான்ஃபோர்டில் இளநிலை மாணவர்கள் மொத்தமே எட்டாயிரத்துக்குள். பெர்க்லியில் முப்பதாயிரத்துக்கும் மேல். வாசல் சிறிதாக இருந்தால் வெளியே நிற்கும் கூட்டம் பெரிதாகத்தான் தெரியும். அந்தச் சதவீதத்தைக் குறைக்க வழிகளும் உண்டு. சேரப்போவதில்லை என்று தெரிந்த பிள்ளைகளுக்கும் பளபளப்பான கையேடுகளை அனுப்பி விண்ணப்பிக்க வைக்கலாம். 'கிடைத்தால் இங்கேதான் சேருவேன்' என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளும் எர்லி டிசிஷனில் பாதி இடங்களை நிரப்பிவிட்டால், மற்ற இடங்களுக்குக் குறைவான பேரை அழைத்தால் போதும். யூ.எஸ். நியூஸ் தரவரிசைக்காரர்களே 2018-இல் இந்தச் சதவீதத்தைத் தங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர்கள் விட்டதை நாம் விடவில்லை. அந்தத் தரவரிசையாவது கெட்டியானதா என்றால் அதுவும் இல்லை. 2022-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ், தன் பல்கலைக்கழகம் கொடுத்த புள்ளிவிவரங்கள் பொருந்தவில்லை என்று எழுதினார். இரண்டாம் இடத்தில் இருந்த கொலம்பியா அந்த ஆண்டே பதினெட்டாம் இடத்துக்கு இறங்கியது. அங்கே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் பாடமும் பேராசிரியரும் அதனால் மாறிவிடவில்லை.

இந்த நாட்டில் நான் முழு மனதோடு மெச்சும் ஒன்று உண்டென்றால் அது கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழக அமைப்புதான். கூகுளையும் ஆப்பிளையும் அதற்குப் பிறகுதான் வைப்பேன். கிளார்க் கெர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின், அதாவது யூசியின், தலைவராக இருந்த 1960-இல் இந்த மாநிலம் ஒரு திட்டம் போட்டது. பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு யூசி, முதல் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கால் ஸ்டேட் பல்கலைக்கழகங்கள், படிக்க வருகிற மற்ற எல்லோருக்கும் இரண்டாண்டுக் கம்யூனிட்டி காலேஜ். கீழிருந்து மேலே ஏற நிரந்தரமாக ஒரு வழி. யூசியின் வளாகமான பெர்க்லி ஒரு பக்கம் அணுத்துகள் முடுக்கியைக் கட்டி, புதுத் தனிமங்களைக் கண்டுபிடித்து, நோபல் வாங்குகிறவர்களுக்கு வளாகத்துக்குள் தனி கார் பார்க்கிங் ஒதுக்குகிறது. 'என்.எல்.' என்று எழுதிய அந்தப் பலகைகளை வளாகத்தில் நடந்து போகிற யாரும் பார்க்கலாம். இன்னொரு பக்கம் அதே பெர்க்லி, பள்ளியில் சரியாகப் படிக்காமல் போய் இருபத்தைந்து வயதில் புத்தி தெளிந்து கம்யூனிட்டி காலேஜ் வழியாக வருகிறவனையும் மூன்றாம் ஆண்டில் சேர்த்துக்கொள்கிறது. இரண்டையும் ஒரே நிறுவனம் செய்யும் என்று ஊரில் இருந்தவரை நான் நினைத்ததில்லை.

எங்கள் பேட்டை மருந்துக்கடையில் கவுன்ட்டரில் நின்ற ஒரு பையனைத் தெரியும். பகலில் மாத்திரை எண்ணுவான், மாலையில் குபெர்ட்டினோவில் உள்ள டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜுக்குப் போவான். மருந்துப் பையை என்னிடம் நீட்டும்போது, அடியில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி புத்தகம் விரிந்து கிடக்கும். யூசியின் ஆறு வளாகங்கள் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு உத்தரவாதம் தருகின்றன. சொன்ன பாடங்களைச் சொன்ன மதிப்பெண்ணோடு முடித்தால் இடம் நிச்சயம். அந்த வழியில் அவன் யூசி டேவிஸ் போனான். கையில் இருப்பது டேவிஸில் நான்கு வருடம் படித்தவர்கள் வாங்கும் அதே பட்டம். நம் வீடுகளில் கம்யூனிட்டி காலேஜ் என்ற பேச்சை எடுத்தாலே அம்மாக்கள் முகம் சுருங்குகிறது. ஃப்ரீமாண்ட்டிலும் சன்னிவேலிலும் அந்தக் கல்லூரிகளுக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு, பதினாறு வயதுப் பிள்ளையின் கட்டுரையைத் திருத்தித் தரும் ஆலோசகருக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுக்கிறோம்.

யூசி விண்ணப்பத்தையே பாருங்கள். இளநிலைப் படிப்புள்ள ஒன்பது வளாகங்களுக்கும் ஒரே படிவம். எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் பதில். எஸ்ஏடி மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. அப்பா அங்கே படித்தவர் என்பதற்காகச் சலுகை இல்லை. தனியார் பக்கம் அந்தச் சலுகை பெரிய விஷயம். 2024 செப்டம்பரில் கலிபோர்னியா, மாநில நிதி பெறும் தனியார் கல்லூரிகளிலும் அதைத் தடை செய்து சட்டம் போட்டது. ஸ்டான்ஃபோர்ட் சலுகையைக் கைவிடவில்லை. அதற்குப் பதிலாக மாநில அரசின் கால் கிராண்ட் உதவித்தொகையை விட்டுவிட்டு, அந்தப் பணத்தைத் தானே தருவதாகச் சொன்னது. முன்னாள் மாணவர் பிள்ளைக்கு வைக்கும் நாற்காலிக்கு அவ்வளவு மதிப்பு. நம்மில் பெரும்பாலோர் இந்த நாட்டுக்கு வந்த முதல் தலைமுறை. அந்த நாற்காலி நம் பிள்ளைகளுக்கு இல்லை என்று தெரிந்தும் அந்தக் கல்லூரியின் சதவீதத்தைத்தான் மந்திரம்போலச் சொல்கிறோம்.

பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும் 2023-இல் வெளியிட்ட ஆய்வை நாம் எல்லோரும் படிக்க வேண்டும். ஒரே எஸ்ஏடி மதிப்பெண் எடுத்த பிள்ளைகளிலும், உச்ச ஒரு சதவீதப் பணக்கார வீட்டுப் பிள்ளை ஐவி லீகிலும் அதற்கு நிகரான தனியார் கல்லூரிகளிலும் சேர்ந்து படிக்கும் வாய்ப்பு, நடுத்தர வீட்டுப் பிள்ளையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மாநிலங்களின் முதன்மை அரசுப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கையில் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு முன்னுரிமை இல்லை. அதே ஆய்வு எதிர்ப்பக்கத்துக்கும் ஒன்றைச் சொல்கிறது. அந்தத் தனியார் கல்லூரிகளில் படிப்பதால் சராசரி வருமானம் பெரிதாகக் கூடுவதில்லை, ஆனால் வருமானத்தின் உச்சிக்குப் போகும் வாய்ப்பு கூடுகிறது. பிள்ளை வால் ஸ்ட்ரீட்டிலோ உச்ச நீதிமன்றத்திலோ போய் உட்கார வேண்டும் என்று கனவு காணும் பெற்றோரின் ஆசை வீணானது என்று நான் சொல்ல மாட்டேன். குறைந்த வருமானக் குடும்பத்துக்குப் பணக்காரத் தனியார் கல்லூரியே மலிவாக முடிவதும் உண்டு, அங்கே உதவித்தொகை அவ்வளவு தாராளம். ஆனால் கணவன் மனைவி இருவரும் ஐடியில் இருக்கும் வீட்டுக்கு அந்தத் தாராளம் எட்டாது. பெர்க்லியில் முதல் கம்ப்யூட்டர் பாடத்தில் ஆயிரம் பேருக்கு மேல் உட்காருகிறார்கள், வாடகைக்கு அறை கிடைப்பது பெரும்பாடு, விரும்பிய வகுப்பில் இடம் பிடிப்பதும் அப்படித்தான். இவை நியாயமான குறைகள். இவற்றைச் சொல்லி யாராவது தனியாரைத் தேர்ந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

எனக்கு ஆறாதது, இந்தச் சதவீதப் பேச்சை நாம் பேசுவதுதான். கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தால் தெருவுக்கே ஜிலேபி கொடுத்த ஊர்க்காரர்கள் நாம். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் சீட் கிடைத்தவர் அதை விட்டுத் தனியாருக்குப் போனார் என்று யாராவது கேள்விப்பட்டிருக்கிறோமா? அங்கேயும் கட்-ஆஃப் பார்த்துத்தான் மதித்தோம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்-ஆஃப் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. பொறியியல் என்றால் கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, மொத்தம் இருநூறு. அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வுக் கூடத்தில் திரையில் கல்லூரி வாரியாகக் காலி இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதை, பாடப்பிரிவின் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத அப்பாக்கள் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டுக் கேட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் கட்டுரையும் இல்லை, எந்த நன்கொடையாளரும் இல்லை. தனியார் கல்லூரிகளின் மேனேஜ்மென்ட் கோட்டா இன்னொரு கதை, அதைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஒற்றைச் சாளரம் என்ற அந்த முறையின் நேர்மைக்கு ஈடான ஒன்றை இந்த நாட்டின் தனியார் கல்லூரி அட்மிஷன் அலுவலகங்களில் நான் பார்த்ததில்லை. 2019-இல் ஒரு நடிகையும் கம்பெனி முதலாளிகளும் பயிற்சியாளர்களுக்குப் பணம் கொடுத்துப் பிள்ளைகளை விளையாட்டு வீரர்கள் என்று காட்டிச் சேர்த்தது வெளியானபோது ஊரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து இங்கே வந்தபோது நம்மைச் சேர்த்துக்கொண்டது யார்? ஜிஆர்இ எழுதி ஐ-20 வாங்கி வந்தவர்களில் பெரும் பகுதி அரிசோனா ஸ்டேட், டெக்சாஸ் ஏ அண்ட் எம் என்று அரசுப் பல்கலைக்கழகங்களில்தான் இறங்கினோம். டீச்சிங் அசிஸ்டன்ட் வேலை கொடுத்து, டியூஷனைத் தள்ளுபடி செய்து, மாதச் சம்பளமும் தந்தவர்கள் அவர்கள். கமலா ஹாரிஸின் தாயார் சியாமளா கோபாலன் 1958-இல் டெல்லியில் பட்டம் முடித்துவிட்டு வந்து சேர்ந்ததும் பெர்க்லியில்தான், முனைவர் பட்டம் வாங்கியதும் அங்கேதான்.

தமிழுக்கும் பெர்க்லியிடம் கடன் உண்டு. தமிழ் ஒரு செம்மொழி என்று 2000-இல் காரணங்களை அடுக்கிக் கடிதம் எழுதிய பேராசிரியர் ஜார்ஜ் ஹார்ட், முனைவர் பட்டம் பெற்றது ஹார்வர்டில். வாழ்நாள் முழுக்கத் தமிழ் சொல்லிக்கொடுத்தது பெர்க்லியில். ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்கு அறுபது லட்சம் டாலர் வேண்டும் என்றதும் உலகமெங்கும் தமிழர்கள் அள்ளிக் கொடுத்தோம், தமிழ்நாடு அரசும் 2017-இல் பத்துக் கோடி ரூபாய் அறிவித்தது. நல்ல காரியம், நானும் மகிழ்ந்தேன். ஆனால் அதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே தமிழ் இருக்கை வைத்திருக்கும் பெர்க்லிக்கு அந்த வேகத்தில் யாரும் உண்டியல் ஏந்திப் போகவில்லை.

வருடக் கடைசியில் வரிக்கழிவுக்காகக் காசோலை எழுதும் நண்பர்களே, இந்த முறை ஒன்றை உங்களைப் படிக்க வைத்த அரசுப் பல்கலைக்கழகத்துக்கும், இன்னொன்றை உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜின் உதவித்தொகை நிதிக்கும் எழுதுங்கள்.