சாய்ந்த கழுத்து

பிறவியிலேயே கழுத்து ஒருபுறம் சாய்ந்த குழந்தைகளை நாம் எங்கேனும் கண்டிருப்போம். என் தங்கையின் பேரன் அவர்களுள் ஒருவன். காதின் பின்னுள்ள எலும்பிலிருந்து மார்பெலும்புக்கும் காறையெலும்புக்கும் சரிந்திறங்கும் தசை, அவனுக்கு வலப்புறத்தில் குறுகி இறுகியிருந்தது. ஆகவே தலை வலப்பக்கம் சாயும். முகவாய் இடப்பக்கம் திரும்பும்.

இதற்கு எடுத்தவுடன் கத்தி தேவையில்லை. சில வாரங்களிலேயே கண்டுகொண்டு, இயன்முறை மருத்துவர் கற்றுத்தரும் பயிற்சியால் தசையை நாள்தோறும் மெல்ல நீட்டிவந்தால், பெரும்பாலான குழந்தைகள் ஓராண்டுக்குள் நலமடைகின்றனர். இவனுக்கும் அது நடந்தது, தசை இணங்கவில்லை. எண்ணெய் தேய்த்துச் சுளுக்கெடுக்கச் சொன்னவர்கள் உண்டு. வளர வளரச் சரியாகும் என்றவர்களும் உண்டு. வளர வளர முகத்தின் ஒரு பாதி மறுபாதிக்கு ஈடாக வளராது என்று மருத்துவர் விளக்கிய பின்னரே, அவனது நான்காம் வயதில், தாய் அறுவைக்குக் கையெழுத்திட்டாள்.

இவ்வறுவை புதியதன்று. ஐசக் மின்னியஸ் என்பவர் ஒரு சிறுவனின் கழுத்துத் தசையை அறுத்துத் தலையை நிமிர்த்திய செய்தியை, ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் நிக்கொலாஸ் துல்ப் தம் நூலில் பதிந்துள்ளார். ரெம்பிராண்ட் 1632இல் தீட்டிய உடற்கூறு ஓவியத்தில் காணப்படும் அதே துல்ப்தான். மயக்க மருந்து வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய காலம். அச்சிறுவனை எத்தனை பேர் அழுத்திப் பிடித்தனரோ! எங்கள் பிள்ளையோ உறங்கிக்கொண்டிருந்தான். காறையெலும்பின் மேல் சிறு கீறலிட்டுத் தசையின் கீழ்முனையை விடுவித்தனர். அதன் பின்னே பெரிய இரத்தக் குழாய்கள் ஓடுவதை அறிந்திருந்த எனக்கு, வெளியே காத்திருந்த நேரம் நகரவேயில்லை.

கடினமான பகுதி அதன் பின்னரே தொடங்கிற்று. கட்டவிழ்த்துத் தலையை நேரே நிறுத்தியதும், "கோணலா இருக்கு தாத்தா" என்று அழுதான். நான்கு ஆண்டுகளாகச் சாய்வையே நேரென்று பழகிய பிள்ளைக்கு நேர்மைதான் சாய்வாகத் தெரிந்தது. கையை எடுத்தவுடன் தலை தன் பழைய இடத்துக்கு ஓடும். கண்ணாடி முன் அமர்த்திப் பழக்கும்படி மருத்துவர் சொன்னார். தாய் கண்ணாடியில் சாந்தினால் நெடுங்கோடு ஒன்று இழுத்து, மூக்கைக் கோட்டின்மேல் வைக்கச் சொன்னாள். காலையும் மாலையும் அதே விளையாட்டு. இடையிடையே நீட்டல் பயிற்சியும் அழுகையும். இவ்வளவையும் செய்ய வீட்டில் ஆளில்லாவிடில் அறுவையின் பயன் பாதியாகிவிடும் என்றே நான் எண்ணுகிறேன்.

மூன்றாம் மாதம் கழுத்துப்பட்டையைக் கழற்றினர். இப்போது நேரே பார்த்துப் பேசுகிறான். உறக்கத்தில் மட்டும் தலை வலப்பக்கம் சாய்கிறது. தாய் எழுந்து தலையணையைத் திருத்துகிறாள்.