சாய்ந்த மரம் எந்தப் பக்கம் பார்க்குது?

கோடை லீவில் ஓசூர் பக்கம் போறீங்களா பாஸ்? கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடிங்க, ஆனா தூங்கிடாதீங்க. சூளகிரி தாண்டினால் ஒரு பக்கம் கம்பெனி காம்பவுண்டு, மறுபக்கம் மாந்தோப்பு. ஏப்ரல், மே சாயங்காலத்தில் மேகம் கறுத்து, பத்தே நிமிஷம் காத்து அடிச்சா போதும்... ஒரு வருஷ வருமானம் தரையில் கிடக்கும்!

மறுநாள் காலையில் தோப்புக்குள் போய்ப் பாருங்க. 'சுழல்காத்துப்பா' என்பார்கள். நிஜமாவே சுழன்றதா? மரத்தையே கேட்கலாம். எல்லா மரமும் ஒரே திசையில், அல்லது விசிறி மாதிரி விரிந்து சாய்ந்திருந்தால், அது இடிமேகத்திலிருந்து கீழே கொட்டி, தரையில் மோதிப் பரவிய காற்று. குறுகலான ஒரு பாதையில் மட்டும் ஒன்றையொன்று பார்த்தபடி குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தால்தான் டொர்னாடோ சந்தேகம் வரணும். இந்த வித்தையில் கில்லாடி, ஜப்பானில் பிறந்த டெட் ஃபுஜிட்டா. 1945-ல் நாகசாகியில் அணுகுண்டு சாய்த்த மரங்களை ஆராய்ந்தவர், 1974-ல் அமெரிக்கக் காடுகளில் கிட்டத்தட்ட அதே நட்சத்திர வடிவத்தை விமானத்திலிருந்து பார்த்தார். நம்ம நாட்டிலும் டொர்னாடோ உண்டு. 2023 மார்ச்சில் பஞ்சாபின் பகைன்வாலா, 2024 மார்ச்சில் மேற்கு வங்கத்தின் மைனாகுரி. நம்ம பக்கம் முதல் ரகம்தான் சகஜம்.

"மரம் எந்தப் பக்கம் விழுந்தா என்ன தம்பி, காயை எண்ணு" என்று பெரியவர் யாராவது சொன்னால் கோபப்படாதீங்க. அவர் சொல்றதுதான் கணக்கு. மகசூல் இழப்பு 33 சதவிகிதத்தைத் தொட்டால்தான் நிவாரணம். மா போன்ற பல்லாண்டுப் பயிருக்கு, 2022-26 மத்திய விதிப்படி ஹெக்டேருக்கு 22,500 ரூபாய், அதுவும் 2 ஹெக்டேர் வரைதான்.

இங்கேதான் சிக்கல். மரம் நிமிர்ந்தே நிற்கும், காய் மட்டும் உதிர்ந்திருக்கும். முற்றாத பெங்களூரா காயை மாங்கூழ் ஃபேக்டரிக்கு அனுப்ப முடியாது. அடிபட்ட காய் சீக்கிரம் அழுகும். கிடைத்த விலைக்கு ஊறுகாய்க்குத் தள்ளியாகணும். ஆக, வி.ஏ.ஓ.வும் தோட்டக்கலை ஆபீஸரும் வர்றதுக்குள் சாட்சியே காலி!

அதனால காலையிலேயே போங்க. பத்து மரத்தைத் தேர்ந்தெடுத்து, கீழே கிடக்கிறது எத்தனை, கிளையில் இருக்கிறது எத்தனை என்று எழுதுங்க. தேதியோடு போட்டோ எடுங்க. (காய்ச்ச மரமா பார்த்துப் பொறுக்கினால் கணக்கு பொய்யாகிடும், சாம்பிளிங் கிளாஸை கட் அடிச்சவங்க கவனிக்க!)

கடைசியா, தோப்பு குத்தகைக்கு விட்டதா என்றும் விசாரிங்க. பூ விட்டபோதே பணம் கொடுத்துத் தோப்பை எடுத்தவர் ஓரமாக நிற்பார். பட்டா அவர் பேரில் இருக்காது. நீங்க எண்ணுற காய் ஒவ்வொன்றும் அவர் கைக்காசு.