ஆடு தின்ற பத்திரிகை

பென்னாகரம்
15.11.2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. தபால் பெட்டி எப்படிச் செய்தாய் என்று போனில் கேட்டாய். போனில் சொன்னால் அளவெல்லாம் காற்றோடு போய்விடும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெட்டி வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். ஆவணியில் அத்தை வீட்டுக் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்திருக்கிறது. நான் வீட்டில் இல்லை. கேட் கம்பியில் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் மஞ்சள் தடவிய ஒரு மூலை மட்டும் கம்பியில் தொங்குகிறது. மிச்சம் பக்கத்து வீட்டு வெள்ளாட்டின் வயிற்றில். யார் வீட்டுப் பத்திரிகை என்று எனக்குத் தெரியும் முன்பே முகூர்த்தம் முடிந்துவிட்டது. நேரில் வந்து வைக்காதது அவர்கள் தப்பு என்கிறேன் நான். ஆட்டைச் சாக்குச் சொல்கிறாள் என்கிறார் அத்தை. தபால் கொண்டுவரும் பெண்ணைக் குற்றம் சொல்ல முடியாது. போட ஓர் இடம் இருந்தால்தானே போடுவாள்?

பதிவுத் தபாலை இந்த வருஷம் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். அதைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கையில் கொடுப்பார்கள், பெட்டி தேவையில்லை. சாதாரணத் தபால் தொலைந்தால் எங்கே போச்சு என்று கேட்க ஒரு ரசீதுகூட நம்மிடம் இருக்காது. பெட்டி அதற்குத்தான்.

பலகைக்கு நான் கடைக்குப் போகவில்லை. நம் மாட்டுக்கொட்டகையின் பழைய வேப்பங்கதவு நினைவிருக்கிறதா, அதை இறக்கினேன். மாம்பலகை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதே. வெயிலிலும் மழையிலும் நின்றால் சீக்கிரம் உளுத்துப்போகும். வேம்பின் கசப்பு கரையானுக்கு ஆகாது. பழைய மரம் ஏற்கெனவே வற்றி முடிந்தது. பச்சை மரமென்றால் காயக் காய மூட்டெல்லாம் வாய் பிளக்கும். இழைப்புளி போடுமுன் ஆணி எல்லாவற்றையும் பிடுங்கிவிடு. நான் ஒன்றைக் கவனிக்காமல் விட்டு, அப்பாவின் இழைப்புளி அலகில் பல் விழுந்துவிட்டது. அதைத் தீட்டி எடுக்க ஒரு பகல் போச்சு.

முக்கால் அங்குலப் பலகை. அகலம் 12 அங்குலம், ஆழம் 8. உயரம் பின்னால் 17, முன்னால் 14. அப்போதுதான் கூரை தெருப்பக்கம் சரியும். கூரையை வாய்க்கு மேலே இரண்டு அங்குலம் இறவாரம்போல நீட்டி, மேலே தகரம் அடித்தேன். வாய் 10 அங்குல நீளம், ஒன்றேகால் அங்குல உயரம். வேம்பு ஓரத்தில் வெடிக்கும். சிறு துளை போட்டுக்கொண்டு பிறகு திருகை முடுக்கு. அடியில் தண்ணீர் வடிய இரண்டு ஓட்டை, அதற்கு உள்பக்கம் கொசுவலைத் துண்டு. இல்லாவிட்டால் குளவி குடிவரும்.

எல்லோரும் பூட்டைத்தான் முதலில் யோசிக்கிறார்கள். பூட்டு கடைசி விஷயம். வாய்க்கு நேர் கீழே ஒரு பலகையை உள்நோக்கிச் சரித்து வை. பின்சுவருக்கும் அதற்கும் மூன்று அங்குலம் இடைவெளி. கடிதம் சறுக்கிக்கொண்டு போய்ப் பின்னால் விழும். உள்ளே விட்ட கை பலகையில் முட்டி நிற்கும். அப்புறம் கீல். கதவைச் சாத்தினால் கீலின் திருகுகள் மறைய வேண்டும். வெளியே தெரிந்தால் பூட்டைத் தொடவே வேண்டாம், திருப்புளி போதும். எனக்கு அந்தக் கவலை இல்லை. பெட்டியைச் சுற்றுச்சுவரில் பதித்து, வாயைத் தெருப்பக்கமும் கதவை வாசல் உள்பக்கமும் வைத்துவிட்டேன். பூட்டு அப்பாவின் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடே கொடுத்தார்கள். பெட்டியைவிடப் பூட்டு கனம் என்று தெரு சிரிக்கிறது, சிரிக்கட்டும்.

ஒரு தப்புச் செய்தேன். கதவை இம்மி இடைவெளியில்லாமல் பொருத்திப் பெருமைப்பட்டேன். ஐப்பசி மழையில் ஊதிக்கொண்டு மூன்று நாள் திறக்கவில்லை. பழைய மரம் வற்றாது என்றேனே தவிர, ஊதாது என்று சொல்லவில்லை. சுற்றிலும் நாலைந்து தபால் கார்டு கனத்துக்கு இடம் விடு.

சிவப்பு அடிக்கப் போனேன். "வேணாங்க்கா, சர்க்கார் பெட்டின்னு நினைச்சு யாராவது லெட்டர் போட்டுடுவாங்க" என்றாள் தபால்காரப் பெண். பச்சை அடித்தேன். தப்பில்லை, சீமையிலேயே தெருத் தபால் பெட்டிகள் ஒரு காலத்தில் பச்சையாகத்தான் இருந்தன. 1874இல்தான் சிவப்புக்கு மாற ஆரம்பித்தார்கள்.

முகவரியும் எழுதிவிட்டேன், பின்கோடு 636810. ஒரு வேடிக்கை பார். தர்மபுரி சேலத்தைவிட்டுத் தனி மாவட்டமானது 1965இல். பின்கோடு வந்தது 1972இல். ஆனாலும் நமக்கு விழுந்தது சேலத்து 636தான்! தபாலுக்கு நாம் இன்னும் பாகம் பிரியவில்லை.

அந்த வேப்பங்கதவில் இன்னொரு பெட்டிக்குப் பலகை மிச்சமிருக்கிறது. உன் வாசல் சுவரின் கனத்தையும், பெட்டியைப் பதிப்பாயா மாட்டுவாயா என்பதையும் ஒரு கார்டில் எழுதிப் போடு. வாட்ஸப்பில் அனுப்பாதே, நான் பார்க்க மாட்டேன். பொங்கலுக்கு வரும்போது பெட்டியை எடுத்துப்போகலாம்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: அத்தைக்கும் ஒரு கார்டு போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.