வண்டிக்குள்ளே ஒரு வீடு!

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகருக்குப் போனால், எல்லோரும் மலைமேல் இருக்கிற மணிக்கூண்டைப் போட்டோ எடுப்பார்கள். நான் கணக்கு எடுத்தேன். பி.காம். படித்த புத்தி, சார்!

காரணம், மியூனிக்கில் வேலை பார்க்கிற நண்பன். சேமிப்பு மொத்தத்தையும் போட்டுப் பழைய ஃபோக்ஸ்வாகன் 'ஸிங்க்ரோ' கேம்பர் வாங்கத் துடிக்கிறான். "ரேர் பீஸ்டா மாப்ளே! வாங்கிப் போட்டா சொத்து!"

ஜெர்மனியின் ஹானோவரில் செய்த வேன் கூட்டுக்கு ஃபோர் வீல் டிரைவ் பொருத்தியது இந்த ஊரில்தான். 1985-லிருந்து 1992 வரை 40,000-க்குக் கொஞ்சம் மேல். பெரிய 16 அங்குலச் சக்கரம் மாட்டியவை 2,000 சொச்சம்தான்.

ரேர்தான். ஆனால் அதில் சரக்கு வேனும் உண்டு, டபுள் கேபினும் உண்டு. வெஸ்ட்ஃபாலியா கம்பெனி கட்டில், அடுப்பு வைத்துக் கொடுத்தது ஒரு பங்குதான். பிற்பாடு யாரோ வீட்டில் பலகை அடித்ததும் 'கேம்பர்' என்றே விலைக்கு வரும். பேப்பரைப் பார்க்கணும்!

ஓட்ட எப்படி? பின்சக்கரம் சேற்றில் வழுக்கினால், சிலிகான் திரவம் நிரப்பிய 'விஸ்கஸ் கப்ளிங்' முன்சக்கரத்துக்கும் சக்தியைத் தள்ளிவிடும். ஜோர்! ஆனால் வயசானால் அது இறுகிப்போகும். வண்டி திரும்பவே முரண்டு பிடிக்கும். டர்போ டீசலுக்கு 70 குதிரைசக்திதான். கட்டில், அடுப்பு, மாமியார் சகிதம் ஆல்ப்ஸ் ஏறினால், பின்னால் வருகிற லாரிக்காரர் ஹாரன் கச்சேரியே நடத்துவார்.

நண்பனுக்குப் போன் போட்டேன். "முதல்ல ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து அதுல தூங்கு. ரிப்பேருக்குன்னு தனியா பணம் ஒதுக்கு. அதுக்கப்புறமும் ஆசை இருந்தா வாங்கு!"

"சரிடா... நீயும் வர்றியா?"

லீவு லெட்டர் எழுதிக்கொண்டிருக்கிறேன்.